காசு கட்டுமுன் ஒரு கேள்வி



ஓ.எல். பெறுபேறு வரட்டும், ஏ.எல். பெறுபேறு வரட்டும், அடுத்த கிழமையே நமது புளத்கொகுபிட்டிய டவுனில் கோர்ஸ் விளம்பரங்கள் ஏறிவிடும். பஸ் தரிப்பிடம், கடைச் சுவர், தோட்டத்துக்கு ஏறும் பாதையில் நிற்கும் லைட் கம்பம் என்று ஓரிடம் மிச்சமிருக்காது. அவற்றில் நல்லவையும் உண்டு. அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையங்களின் அறிவித்தல்களும் உண்டு. அவற்றோடு கலந்து வேறு சரக்கும் வருகிறது. இந்த மாதம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டியிருக்கிறது.

எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் அப்படியொரு துண்டுப்பிரசுரத்தை நமக்கு அனுப்பியிருக்கிறார். “மகள் ஏ.எல். முடித்துவிட்டாள். இதில் சேர்க்கலாமா சேர்? ஈ.பி.எப். காசு கொஞ்சம் கையில் இருக்கிறது” என்று எழுதியிருக்கிறார்.

பிரசுரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேலே பட்டமளிப்புத் தொப்பி, பக்கத்தில் சிங்கம் போட்ட ஒரு வெளிநாட்டு முத்திரை. ஆறு மாதத்தில் டிப்ளோமா, ஒரு வருடத்தில் டிகிரி. பரீட்சை இல்லை. ‘அரச பதிவு பெற்றது’. ‘வெளிநாட்டமைச்சின் அத்தாட்சியுடன்’. பட்டமளிப்பு விழா கொழும்பில் நட்சத்திர ஹோட்டலில். கவுனுக்கும் போட்டோவுக்கும் கட்டணம் வேறு. இத்தனையும் இருக்கிறது. பட்டம் தரும் பல்கலைக்கழகத்தின் முழுப்பெயர் இல்லை, நிறுவனத்தின் முகவரி இல்லை. கைத்தொலைபேசி இலக்கம் ஒன்று மட்டும் பெரிய எழுத்தில்.

அம்மா, அந்த வரிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ‘அரச பதிவு’ என்பது பல வேளைகளில் வெறும் வியாபாரப் பதிவுதான். பலசரக்குக் கடைக்கும் அதே பதிவு உண்டு. அதை வைத்துக்கொண்டு பட்டம் கொடுக்க முடியாது. நம் நாட்டில் பட்டம் வழங்கும் உரிமை அரச பல்கலைக்கழகங்களுக்கு உண்டு. அவற்றுக்கு வெளியே, 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களுக்கும் உண்டு. அந்த அங்கீகாரமும் இன்ன பட்டத்துக்கு என்று குறிப்பிட்டே கொடுக்கப்படுகிறது. ஒரு நிறுவனத்தின் ஒரு பட்டம் செல்லுபடியாகிறது என்பதற்காக அங்கே நடக்கும் எல்லாக் கோர்ஸும் செல்லுபடியாகிவிடாது.

வெளிநாட்டமைச்சின் அத்தாட்சி என்பது பத்திரத்தில் இருக்கும் கையொப்பமும் முத்திரையும் உரியவருடையவைதானா என்று பார்த்துப் போடப்படுவது. படிப்பு தரமானதா, பல்கலைக்கழகம் உண்மையில் இருக்கிறதா என்பதற்கு அது சாட்சி அல்ல. ‘பரீட்சை இல்லை’ என்ற வரிக்கு விளக்கமே தேவையில்லை. காசு கட்டினால் பாஸ் என்பதை அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள்.

இதெல்லாம் தோட்டத்துச் சனத்துக்கு மட்டும் வரும் சங்கடம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2024 நவம்பர் 21ஆம் திகதி அசோக ரன்வல நம் பாராளுமன்றத்தின் சபாநாயகரானார். அவருடைய கலாநிதிப் பட்டம் பற்றிக் கேள்வி எழுந்தது. ஜப்பானின் வசேதா பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ஆய்வு நிறுவனம் ஒன்றில் பெற்ற பட்டம் அது என்றும், அதற்கான ஆவணங்களை உடனடியாகக் காட்ட முடியவில்லை என்றும் சொல்லி, டிசம்பர் 13ஆம் திகதி அவர் பதவி விலகினார். தாம் பொய்யான தகவல் எதுவும் கொடுக்கவில்லை என்றும் கூறினார். அதே நாட்களில் நீதி அமைச்சர் ஹர்ஷன நாணயக்காரவின் பெயருக்கு முன்னாலும், அவர் கேட்காமலே, ‘கலாநிதி’ என்று பாராளுமன்ற இணையத்தளத்தில் போட்டிருந்தார்கள். அவரே குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் முறைப்பாடு செய்தார். பாராளுமன்றத்துக்குப் போவதற்கு எந்தப் பட்டமும் தேவையில்லை. தேவையில்லாத இடத்திலேயே இத்தனை குழப்பம் என்றால், பட்டத்தை நம்பி வேலை கொடுக்கும் இடங்களில் எவ்வளவு கவனம் வேண்டும்?

சென்னையில் நடந்த கூத்து இன்னும் பெரிது. 2023 பெப்ரவரியில் தனியார் அமைப்பு ஒன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் மண்டபத்தை எடுத்து விழா நடத்தி, பிரபலங்களுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. இசையமைப்பாளர் தேவாவும் நடிகர் வடிவேலுவும் கூடப் பட்டியலில் இருந்தார்கள். அந்தப் பட்டத்துக்கும் தமக்கும் சம்பந்தமில்லை என்று பல்கலைக்கழகம் பொலிஸுக்குப் போனது. விழா நடத்தியவர் கைதானார். வாங்கியவர்கள் ஏமாந்ததற்குக் காரணம் மண்டபம். நம் பிள்ளைகளை ஏமாற்றும் நட்சத்திர ஹோட்டலுக்கும் வேலை அதுதான்.

உலக அளவில் பார்த்தால் கராச்சியின் எக்ஸாக்ட் நிறுவனத்தை யாரும் மிஞ்சவில்லை. 2015 மே மாதம் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை அதன் குட்டை உடைத்தது. இல்லாத பல்கலைக்கழகங்களுக்கு இணையத்தளங்கள், சிரிக்கும் பேராசிரியர்களின் படங்கள், அந்தப் பல்கலைக்கழகங்கள் நல்லவை என்று சான்று சொல்ல இன்னொரு போலி அமைப்பு என்று ஒரு தனி உலகத்தையே கட்டி வைத்திருந்தார்கள். பட்டம் வாங்கியவர்களையும் பிறகு சும்மா விடவில்லை. அதிகாரிகள் போலத் தொலைபேசியில் மிரட்டி மேலும் காசு கறந்தார்கள். போலிப் பத்திரம் வாங்கியவர் பொலிஸுக்கும் போக முடியாது, வாயைத் திறக்கவும் முடியாது. நம் தண்டனைச் சட்டக்கோவையிலும், போலி ஆவணம் என்று தெரிந்துகொண்டே அதை உண்மையானதாகப் பாவிப்பது குற்றம்தான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். போலிச் சான்றிதழைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நல்ல பிரின்டர் இருந்தால் ஹொலோகிராம் வரை போட்டுவிடலாம். கொடுத்ததாகச் சொல்லப்படும் இடத்தின் பதிவேட்டில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று கேட்டால் மட்டுமே உண்மை வெளிவரும். அதனால்தான் இந்தியாவில் பட்டங்களை டிஜிட்டல் களஞ்சியத்தில் ஏற்றி டிஜிலொக்கர் வழியாகப் பார்க்க வைத்திருக்கிறார்கள். பிரித்தானியாவில் பட்டங்களைச் சரிபார்க்கவே ஒரு பொதுச் சேவை இயங்குகிறது. நம் நாட்டில் ஓ.எல்., ஏ.எல். பெறுபேறுகளைச் சுட்டெண்ணும் ஆண்டும் கொண்டு பரீட்சைத் திணைக்களத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளலாம். ஆளெடுக்கும் நிறுவனங்களுக்கும் பாடசாலைகளுக்கும் நான் சொல்வது இதுதான்: போட்டோக்கொப்பியை ஃபைலில் போட்டு மூடிவிடாதீர்கள். கொடுத்த இடத்துக்கே எழுதிக் கேளுங்கள். சான்றிதழில் அச்சடித்திருக்கும் தொலைபேசி இலக்கத்துக்கு எடுக்க வேண்டாம். அந்த இலக்கமும் அவர்களுடையதாகவே இருக்கும்.

பெற்றோருக்கு வருகிறேன். பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். வெளிநாட்டுப் பட்டமாக இருந்தால் அந்தப் பல்கலைக்கழகம் சர்வதேசப் பல்கலைக்கழகச் சங்கத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். தொழில் டிப்ளோமா என்றால் மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவைக் கேளுங்கள். அங்கே நிறுவனம் பதிவாகியிருப்பது வேறு, குறித்த கோர்ஸுக்குத் தரச்சான்று இருப்பது வேறு. இரண்டையும் கேட்க வேண்டும். என்.வி.கியூ. சான்றிதழ் என்றால் 1 முதல் 7 வரை எந்த மட்டம் என்று வாய்விட்டுக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பதில் தராத அரச அலுவலகத்தை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும்.

கோர்ஸ் கட்டணம் ஒன்றரை இலட்சம் ரூபாய் என்று வையுங்கள். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில் கணக்குப் போட்டால், 111 நாள் மலையேறி எடுத்த கொழுந்து அது. நகையை அடகு வைக்கப் போனால் உரசிப் பார்க்காமல் கடைக்காரர் ஒரு சதம் தருவதில்லை. அந்தக் காசைக் கொண்டுபோய் வாங்கும் சான்றிதழை மட்டும் நாம் உரசிப் பார்ப்பதில்லை.

இன்னொரு நட்டமும் உண்டு. அது உண்மையாகப் படித்தவர்களுடையது. லயத்து அறையில் பல பேருக்கு நடுவே இருந்து படித்து, இசட் வெட்டுப்புள்ளி தாண்டிக் கம்பஸ் போய், குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வந்து நிற்கும் பிள்ளைகள் நம் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். ஊரில் போலிகள் பெருகினால் நேர்முகத் தேர்வில் முதல் சந்தேகப் பார்வை விழுவது அவர்கள் மீதுதான். சொல்லிக்கொள்ளப் பெரிய இடத்துச் சிபாரிசு இல்லாதவர்களுக்குச் சான்றிதழ் ஒன்றே துணை. அதன் மதிப்புப் போனால் அவர்களுக்கு வேறு எதுவும் இல்லை.

அந்தத் தாய்க்குத் தனியே பதில் எழுதியிருக்கிறேன். இப்போதைக்குக் காசு கட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஏ.எல். பெறுபேற்றோடு திறந்த பல்கலைக்கழகத்துக்கும் அரச தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும் மகள் விண்ணப்பிக்கலாம் என்றும் எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படியொரு பிரசுரம் இருந்தால் கைத்தொலைபேசியில் படமெடுத்து நமக்கு அனுப்புங்கள். உரிய ஆணைக்குழுக்களிடம் எழுத்தில் கேட்டு, வரும் பதிலை வரும் இதழ்களில் அப்படியே வெளியிடுகிறோம். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு இந்தப் பக்கத்தை யாராவது வாசித்துக் காட்டினால் புண்ணியம்.

அன்புடன்,
ஆசிரியர்