டைல்ஸுக்கு அடியில் போடுங்கள் பணத்தை

கும்பகோணத்தில் எங்கள் வீடு தாத்தா கட்டியது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமான சுவர், நடுவில் முற்றம், கொல்லைக் கோடியில் கழிவறை. சமையலறையையும் குளியலறையையும் புதுப்பிக்கலாம் என்று பேச்சு எழுந்ததுமே பெங்களூர் அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப்பில் படங்கள் வந்து குவிந்தன. மாட்யூலர் கிச்சன், கண்ணாடித் தடுப்பு வைத்த ஷவர். அந்தச் சமையலறைகள் ஒன்றில்கூட எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, இட்லிப் பானையும் இல்லை.

பழைய வீட்டில் கை வைக்கும் பலரும் கண்ணுக்குத் தெரிவதற்கு முதலில் காசை ஒதுக்குகிறார்கள். மிச்சமிருந்தால்தான் பைப், ஒயரிங். இது தலைகீழ். ஷட்டரை அடுத்த வருடம்கூட மாட்டிக்கொள்ளலாம். ஒட்டிய டைல்ஸை உடைத்துப் பைப் மாற்ற யாருக்கு மனசு வரும்?

எங்கள் சுவருக்குள் இருந்த ஜி.ஐ. பைப்பை பிளம்பர் வெட்டிக் காட்டினார். உள்ளே துரு அடைத்து, பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி. குழாயில் தண்ணீர் நூலாக வருகிறது என்று அம்மா சொல்லும்போதெல்லாம் டேங்கை உயரத்தில் வை என்று யோசனை சொன்ன உறவினர்கள் அதை வந்து பார்த்திருக்க வேண்டும். இப்போது வெந்நீருக்கும் தாங்கும் சி.பி.வி.சி. போட்டாயிற்று. கீசருக்கு எர்த் இழுத்து, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் வைத்தோம்.

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெளியே விடவும் செய்யும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் போக வழியில்லாமல் மேலேறும். உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து உதிரும். அதனால் தண்ணீர் படும் இடத்தோடு டைல்ஸை நிறுத்திக்கொண்டு, மற்ற இடங்களில் சுண்ணாம்பே பூசச் சொன்னேன். மேஸ்திரிக்கு அதில் அவ்வளவாக இஷ்டமில்லை.

அடுத்த சண்டை வாட்டத்துக்கு. கடையில் எல்லோரும் இரண்டடிக்கு நாலடி டைல்ஸைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். அவ்வளவு பெரிய டைல்ஸை நாலு பக்கமிருந்தும் ஜாலியை நோக்கிச் சரிக்க முடியாது. மூலையில் தண்ணீர் தேங்கியே தீரும். ஒரு அடி சதுரத்தில், வழுக்காத சொரசொரப்பு டைல்ஸ் வாங்கி, மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வாட்டம் கேட்டேன். ஒட்டுவதற்கு முன், வாட்டர்புரூஃபிங் முடிந்த தரையில் ஜாலியை அடைத்துத் தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் விட்டுப் பார்ப்பது முக்கியம். ‘அதெல்லாம் தேவையில்லைம்மா, நான் பொறுப்பு’ என்று சொல்லும் ஒப்பந்தக்காரரிடம் பாதிப் பணத்தை நிறுத்தி வைப்பதில் தப்பே இல்லை.

இதையெல்லாம் புழங்கப்போவது அம்மா. வயது எழுபத்தெட்டு, உயரம் நாலடி பத்து அங்குலம். மேடை உயரம் 34 அங்குலம், எல்லா வீட்டுக்கும் அதுதான் என்றார் தச்சர். அம்மாவை நிற்கவைத்து முழங்கையை மடக்கச் சொல்லி டேப் பிடித்தோம். அதிலிருந்து ஐந்து அங்குலம் இறக்கியதில் 31 வந்தது. கரண்டி பிடிக்கத் தோளைத் தூக்க வேண்டாம். குளியலறைக் கதவு இப்போது வெளிப்பக்கம் திறக்கிறது. உள்ளே யாராவது மயங்கி விழுந்து கதவை அடைத்துக் கிடந்தாலும் திறந்துவிடலாம். வெஸ்டர்னுக்குப் பக்கத்தில் கைப்பிடி வேண்டுமென்றால் பூச்சுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். உதிரும் காரையில் திருகு நிற்காது, அந்த இடத்தில் கான்கிரீட் வைத்துக் கட்ட வேண்டும். ‘ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு’ என்று முகம் சுளித்தார் அண்ணி. இருக்கட்டுமே.

கடைசியாக அலமாரி. தண்ணீர் புழங்கும் இடத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட் கேளுங்கள்; பார்ட்டிகிள் போர்டு ஈரம் பட்டால் உப்பிவிடும். கேஸ் சிலிண்டரை மூடிய ஷட்டருக்குள் ஒளித்து வைப்பதுதான் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். மேலே இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் அதற்கு உதவாது. ஷட்டரின் அடிப்பகுதியில் காற்றுவழி வெட்டிக் கொடுங்கள் என்றேன். லுக் போய்விடும் மேடம் என்றார் கடைக்காரர். வெட்டித் தந்த பிறகுதான் மிச்சப் பணத்தைக் கொடுத்தேன்.