பச்சைத் திரையும் பச்சை மலையும்

பச்சைக்குப் பஞ்சமில்லாத ஊர் நம் பொகவந்தலாவை. இத்தகைய ஊரிலே, ஆறு யார் பச்சைத் துணி வாங்குவதற்காக நம் மாணவர் சிலர் காசு சேர்த்தனர் என்றால் நேயர்கள் நகைக்கக்கூடும். நாமும் முதலில் நகைத்தோம்.

கைத்தொலைபேசியில் ஒரு சிறு படம் எடுப்பது அவர்கள் நோக்கம். நடிப்பவரைப் பச்சைத் துணியின் முன் நிறுத்திப் படம் பிடித்து, பின்னர் கணினியில் அப்பச்சையை மட்டும் நீக்கினால், அவ்விடத்தில் அரண்மனையையோ ஆழ்கடலையோ வைத்துவிடலாம். இவ்வித்தை புதியதன்று. 1940ஆம் ஆண்டில் வெளிவந்த 'பக்தாத் திருடன்' என்னும் ஆங்கிலப் படத்திலேயே நீலத் திரை கொண்டு இதனைச் செய்து காட்டினர். (எம்.ஜி.ஆர். நடித்த 1960ஆம் ஆண்டுத் தமிழ்ப் படம் வேறு.) மின்னணுக் கமரா வந்தபின் பச்சை முன்னுக்கு வந்தது. மனிதத் தோலில் பச்சை குறைவு. கமராவின் ஒளியுணர் தகட்டிலோ நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சைக்கே உரியவை. ஆகவே பச்சையைப் பிரித்தறிதல் அதற்கு எளிது.

மண்டபத்தில் துணி தொங்கிற்று. கொழுந்து பறிக்கும் தாயாக ஒரு மாணவி கூடையுடன் நின்றாள். கணினியில் பச்சையை நீக்கியபோது, துணிச் சுருக்கங்களின் நிழல் மட்டும் திட்டுத்திட்டாக எஞ்சியது. நீக்கும் அளவைக் கூட்டினர். நிழல் போயிற்று, கூடையிலிருந்த கொழுந்தும் உடன் போயிற்று! கொழுந்திருந்த இடத்தில் வானமும் மேகமும் தெரிந்தன.

துணியைச் சுருக்கமின்றித் தேய்த்துக் கட்டுதல் வேண்டும். அதன்மீது ஒளி எங்கும் ஒரே சீராக விழுதல் வேண்டும். நடிப்பவர் துணியிலிருந்து ஆறடியாவது முன்னே நிற்றல் வேண்டும், இன்றேல் பச்சை அவர் முகத்திலும் படியும். தேயிலை நடிக்கும் படமாயின், நீலத் துணியே உகந்தது. இவையே அன்று நாம் கற்ற பாடங்கள்.

ஆனால் வேறொரு பாடமும் இருந்தது. அம்மாணவி தன் தாயை லயத்து வாசற்படியில் அமர்த்தி எடுத்த படத்திலும் இவ்வித்தையைக் கையாண்டாள். சுண்ணாம்பு உதிர்ந்த சுவரும் தகரக் கூரையும் மறைந்தன. சுவிற்சர்லாந்துப் பனிமலை எழுந்தது. தாய் அதனை நெடுநேரம் பார்த்தாராம். "மலை நல்லாத்தான் இருக்கு. நம்ம வாசலக் காணோமே, புள்ள?" என்றாராம். இதனை நம்மிடம் கூறியபோது அவள் குரல் தாழ்ந்தது.

அவளை நாம் கடிந்துகொள்ளவில்லை. லயத்தைக் கண்டு நாணவேண்டியவர் அதில் வாழ்பவரல்லர். தேயிலை விளம்பரங்களைப் பாருங்கள்: மலையுண்டு, கொழுந்துண்டு, புன்னகைக்கும் பெண்ணுண்டு, லயம் இல்லை. பச்சைத் துணி ஏதுமின்றியே நம் வீடுகள் நெடுங்காலமாக நீக்கப்பட்டு வருகின்றன. அவ்வேலையை நம் கையாலும் செய்யவேண்டுமா?

நம்மூர்ப் புனித மரியாள் தேவாலய வளவில் ஜூலியா மாகரட் கமரன் அம்மையார் துயில்கிறார். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். தம் 48ஆம் வயதில் மகள் அன்பளித்த கமராவால் படக்கலை பயின்று, கோழிக்கூட்டையே படக்கூடமாக்கிக் கொண்டவர். மெல்லிய துணியை நீராக விரித்து ஆர்தர் மன்னனின் கதையைப் படமாக்கியதும் அவரே. 1875இல் இலங்கைக்கு வந்தபின், இம்மண்ணின் எளிய மக்களைத் தம் கமராவின் முன் அமர்த்தினார். 1879இல் மறைந்தார். அப்படங்கள் சில இன்றும் உள்ளன. பலவற்றில் அமர்ந்தோரின் பெயரில்லை, முகமாவது எஞ்சியிருக்கிறது.

கதைக்குத் துணியை விரியுங்கள், அரண்மனை கட்டுங்கள், வானத்திற் பறவுங்கள். பெற்றோரையும் பிறந்த இடத்தையும் பதியும்போது மட்டும் துணியை மடித்து வையுங்கள். லயங்கள் ஒருநாள் இல்லாது போகும், போகவும் வேண்டும். அன்று நம் பேரப்பிள்ளைகள் "எங்கே வாழ்ந்தீர்கள்?" என்று கேட்டால், காட்டுவதற்கு ஒரு படமாவது வேண்டாமா?

அம்மாணவி மறுவாரம் மீண்டும் படம் எடுத்து வந்தாள். வாசற்படி இருந்தது, தாய் இருந்தார், கூடை நிறையக் கொழுந்தும் இருந்தது.