வளைகுடாவிலிருந்து வந்தவருக்குக் காய்ச்சல்: ஒட்டகமும் மெர்ஸ் கொரோனா வைரஸும்

காரைக்கால் ஒட்டகம் வளர்க்கும் ஊரன்று. ஆயினும் இங்குள்ள பல குடும்பங்களில் யாரேனும் ஒருவர் சவூதி அரேபியாவிலோ, அமீரகத்திலோ, கத்தாரிலோ, குவைத்திலோ பணிபுரிகின்றார். ஹஜ், உம்ரா பயணம் முடித்துத் திரும்பும் பெரியவர்களும் உள்ளனர். காலையில் அங்கே விமானம் ஏறியவர் அன்றிரவே திருச்சி வழியாக வீடு வந்துவிடுகின்றார். ஆகவே, ஒட்டகங்களிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் மெர்ஸ் நோயைப் பற்றி நீங்கள் அறிந்திருப்பது நல்லது.

மெர்ஸ் என்பது கோவிட் நோயை உண்டாக்கும் வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு கொரோனா வைரஸால் வரும் சுவாச நோய். இவ்வைரஸ் 2012ஆம் ஆண்டு சவூதி அரேபியாவில் நிமோனியாவும் சிறுநீரகச் செயலிழப்பும் கண்டு இறந்த ஒருவரிடம் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதன் பின்னர் 27 நாடுகளில் 2,600க்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் உறுதிசெய்யப்பட்டு, 940க்கும் மேற்பட்டோர் இறந்துள்ளனர். நோயாளிகளில் ஐந்தில் நான்கு பங்கினருக்கு மேல் சவூதி அரேபியாவைச் சேர்ந்தோர். அந்த 27 நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. எனினும் நோய் ஓய்ந்துவிடவில்லை. 2025 மார்ச், ஏப்ரல் மாதங்களில் சவூதியில் ஒன்பது பேருக்குத் தொற்று உறுதியானது. அவர்களுள் ஏழு பேர் ரியாத் நகரில் ஒரே தொடர்பில் தொற்றியவர்கள்.

ஒட்டகங்களை ஆராய்ந்ததில் தெரிந்தது என்ன?

2013இல் ஓமன் நாட்டில் 50 ஒட்டகங்களின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது, ஐம்பதிலும் இவ்வைரஸுக்கு எதிரான நோய் எதிர்பொருள் காணப்பட்டது. ஆப்பிரிக்காவில் 1983ஆம் ஆண்டு சேகரித்து உறையவைத்திருந்த ஒட்டக இரத்த மாதிரிகளிலும் அது இருந்தது. மனிதர்கள் இந்நோயை அறிவதற்கு முன்பே, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக வைரஸ் ஒட்டகங்களிடையே உலவி வந்துள்ளது.

இதில் கவனிக்க வேண்டியது, ஒட்டகத்துக்கு இது பெரும் நோயன்று என்பதே. மூக்கில் நீர் வடியும். சிலவற்றுக்கு அதுவும் இராது. பார்வைக்கு நன்றாக உள்ள ஒட்டகமும், குறிப்பாக இரண்டு வயதுக்குட்பட்ட கன்றுகள், வைரஸை வெளியிட்டுக்கொண்டிருக்கலாம். எனவே "நோயுற்ற ஒட்டகத்தை விட்டு விலகியிருந்தால் போதும்" என்னும் எண்ணம் பயன் தராது.

அப்படியெனில் ஒட்டகத்தின் அருகில் சென்றவர் அனைவருக்கும் தொற்றுமா? இல்லை. சவூதியில் 2012-13இல் பொதுமக்கள் 10,009 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 15 பேரிடம் மட்டுமே எதிர்பொருள் இருந்தது. ஆனால் ஒட்டகம் மேய்ப்போரிடம் இவ்விகிதம் ஏறத்தாழ 15 மடங்காகவும், ஒட்டகம் அறுக்கும் கூடங்களில் பணிபுரிவோரிடம் 23 மடங்காகவும் இருந்தது. 'மஸ்ரா' எனப்படும் பண்ணைகளில் வேலைசெய்யும் நம் ஊர் இளைஞர்களுக்கு இச்செய்தி நேரடியாகப் பொருந்தும். வேலையை விட்டுவிடுங்கள் என்று எளிதாகச் சொல்லிவிட இயலாது. கன்றின் முகத்தருகே செல்லும்போது முகக்கவசம் அணிதல், வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கைகழுவுதல், வேலை உடையைத் தங்குமிடத்துக்குக் கொண்டுசெல்லாதிருத்தல் ஆகியவற்றையேனும் கடைப்பிடிக்கச் சொல்லுங்கள். காய்ச்சாத ஒட்டகப் பால், சரியாக வேகாத இறைச்சி, மருந்தென்று தரப்படும் ஒட்டகச் சிறுநீர் ஆகியவற்றை எவரும் உட்கொள்ளக் கூடாது.

நீரிழிவு, சிறுநீரக நோய், நாள்பட்ட நுரையீரல் நோய், புற்றுநோய் உள்ளவர்களுக்கும் முதியோருக்கும் மெர்ஸ் கடுமையாகின்றது. இத்தகையோர் புனிதப் பயணம் செல்லும்போது ஒட்டகப் பண்ணைகளையும் சந்தைகளையும் பார்வையிடுவதைத் தவிர்க்க வேண்டும். ஒட்டகத்துடன் படமெடுத்துக்கொள்ளும் ஆசையையும் விட்டுவிடலாம்.

கொரியாவில் நடந்தது

மெர்ஸ் மனிதரிடமிருந்து மனிதருக்குக் கோவிட் போல எளிதில் பரவுவதில்லை. தெருவிலோ கடையிலோ பரவியதாகக் காண்பது அரிது. பரவும் இடம் பெரும்பாலும் மருத்துவமனையே. 2015 மே மாதம், வளைகுடா நாடுகளிலிருந்து தென்கொரியா திரும்பிய ஒருவருக்குக் காய்ச்சல் கண்டது. நோய் இன்னதென்று உறுதியாவதற்குள் அவர் ஒன்றன்பின் ஒன்றாகப் பல மருத்துவமனைகளுக்குச் சென்றுவிட்டார். அந்த ஒரு பயணத்தில் தொடங்கி 186 பேருக்கு நோய் பரவி, 38 பேர் இறந்தனர். அவர்களுள் ஒரு நோயாளி நெரிசலான அவசர சிகிச்சைப் பிரிவில் தங்கியிருந்தபோது மட்டும் 82 பேருக்குத் தொற்றியது. அந்த 82 பேரில் 41 பேர் நோயாளிகளும் அல்லர், மருத்துவப் பணியாளரும் அல்லர்; துணைக்கு இருந்தவர்களும் பார்க்க வந்தவர்களும் ஆவர்.

உறவினர் படுத்திருந்தால் குடும்பத்தோடு சென்று பார்ப்பது நமக்கும் வழக்கம். அன்பினால் செய்வதுதான், ஆயினும் வளைகுடாவிலிருந்து திரும்பி 14 நாட்களுக்குள் ஒருவருக்குக் காய்ச்சலும் இருமலும் மூச்சுத்திணறலும் வந்தால், நோய் இன்னதென்று தெரியும் வரை அவ்வழக்கத்தை நிறுத்திவையுங்கள். துணைக்கு ஒருவர் போதும். அவரும் முகக்கவசம் அணிந்திருக்க வேண்டும்.

மருத்துவமனையில் முதலில் சொல்ல வேண்டியது

மெர்ஸ் நோய்க்கெனத் தனி மருந்தோ, பொதுப் பயன்பாட்டுக்கு வந்த தடுப்பூசியோ இதுவரை இல்லை. மூச்சுக்கும் சிறுநீரகத்துக்கும் துணைசெய்யும் சிகிச்சையே அளிக்கப்படுகின்றது. அதனால் நோயை விரைவில் அறிவது முக்கியமாகின்றது. கோவிட் பரிசோதனை மெர்ஸைக் காட்டாது. அதற்கெனத் தனிப் பரிசோதனை உண்டு. நோயாளி எங்கிருந்து வந்தார் என்பது தெரிந்தால்தான் மருத்துவர் அதனைக் கேட்பார்.

எனவே சீட்டுப் பதியும் இடத்திலேயே, வரிசையில் நிற்பதற்கு முன்னரே, எந்த நாட்டிலிருந்து எந்தத் தேதியில் வந்தார் என்பதைச் சொல்லுங்கள். அங்கே மருத்துவமனையில் சிகிச்சை பெற்றிருந்தாலோ, ஒட்டகத்துடன் பழகியிருந்தாலோ அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 108 ஆம்புலன்ஸை அழைத்தால் தொலைபேசியிலேயே கூறுங்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவராயின், அப்பிரிவுக்குள் நுழையும் முன் செவிலியரிடம் தெரிவியுங்கள். அங்கே அருகருகே படுத்திருப்போர் அனைவரும் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள்.

திரும்பி வந்தவரின் காய்ச்சல் பெரும்பாலும் ஃபுளூவாகவோ டெங்குவாகவோதான் இருக்கும். ஆகையால் பயணத்தைச் சொன்னால் ஒதுக்கிவைப்பார்களோ என்று அஞ்சி மறைக்க வேண்டாம். வந்த தேதி நினைவில்லையெனில், கடவுச்சீட்டில் உள்ள முத்திரையையோ விமானச் சீட்டையோ காட்டினால் போதும்.