வீட்டுத் தோட்டத்திற்கு வன்னீரே உகந்தது

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் சுண்ணாம்புக் கற்பாறையில் அகழப்பட்டவை. மழைநீர் அப்பாறையினூடாக இறங்கும்போது கல்சியத்தையும் மகனீசியத்தையும் கரைத்துக்கொள்கின்றது. இதனாலேயே அந்நீரில் சவர்க்காரம் எளிதில் நுரைப்பதில்லை; கேத்தலின் உட்புறத்தில் வெண்படையும் படிகின்றது. இத்தொல்லையைத் தவிர்க்கச் சிலர் வீட்டில் நீரை மென்மையாக்கும் பொறியைப் பொருத்துகின்றனர். குளியலறைக்கு அது நன்று. ஆயின், அதே நீரை முற்றத்துப் புற்றரைக்கும், கத்தரி, மிளகாய், போஞ்சிப் பாத்திகளுக்கும் பாய்ச்சுதல் தகாது.

அப்பொறியிலுள்ள பிசின்மணிகள் கல்சியத்தையும் மகனீசியத்தையும் பற்றிக்கொண்டு, அவற்றிற்கு ஈடாகச் சோடியத்தை நீரில் விடுகின்றன. கல்சியங் காபனேற்றாகக் கணித்து, லீற்றருக்கு 300 மில்லிகிராம் வன்மையுடைய நீர் முற்றாக மென்மையாக்கப்படின், அதில் ஏறக்குறைய 138 மில்லிகிராம் சோடியம் புதிதாகச் சேரும். நாவிற்கு இது புலப்படாது போகலாம். நாடோறும் பெறும் மண்ணோ இதனை அறியும்.

கல்சியம் மண் துணிக்கைகளை ஒன்றுசேர்த்து மண்ணைப் பொலபொலப்பாக வைத்திருக்கின்றது. சோடியம் மிகுந்தால் அத்துணிக்கைகள் பிரிந்து துவாரங்களை அடைக்கின்றன. மேற்பரப்பு இறுகும், நீரும் காற்றும் வேரை அடையா. களி கலந்த நிலத்தில் இத்தீங்கு விரைந்து தோன்றும், மணற்றரையில் தாமதமாகும். போஞ்சி போன்ற மென்பயிர்களின் இலையோரங் கருகுவதும் உண்டு.

வன்னீர் இலைகளில் வெண்புள்ளிகளை விடுகின்றதே என்பர் சிலர். அது தோற்றக்குறையேயன்றிப் பயிருக்குப் பெருங்கேடன்று. இலைமேல் தெளிக்காது அடியில் பாய்ச்சினால் அதுவும் நீங்கும்.

வன்மை வேறு, உவர் வேறு என்பதையும் கமக்காரர் மனத்திற்கொள்ளல் வேண்டும். கடலோரக் கிணறுகளில் அளவுக்குமீறி இறைப்பதால் உவர்நீர் ஏறுகின்றது. அவ்வுவரை மென்மையாக்கும் பொறி நீக்காது. அத்தகைய கிணற்றிற்கு மருந்து, இறைப்பைக் குறைப்பதும் மாரிமழையை நிலத்தினுள் இறக்குவதுமே.

இன்னுமொன்று. பிசின்மணிகளைப் புதுப்பிக்க உப்புக்கரைசல் பயன்படுகின்றது. கழுவி வெளியேறும் அந்நீர் கடும் உப்புடையது. வீட்டுக் கழிவுநீரை வாழையடிக்கு விடும் நம்மவர் வழக்கம் நல்லதே. எனினும் இந்நீரை அங்கு விடுதல் வாழையை வாட்டும். சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளூடாக அது கிணற்றையும் அடையக்கூடும். ஒரு வீட்டார் விட்ட உப்பை அயல்வீட்டார் அருந்த நேர்வது நீதியன்று.

ஆகவே, பொறி பொருத்துவோர், நீர் அதனுட் புகுமுன்னரே தோட்டத்திற்கெனக் கிளைக்குழாய் ஒன்றைப் பிரித்தெடுத்தல் வேண்டும். செலவு சிறிது, பயன் பெரிது. இதுவரை மென்னீர் பாய்ச்சியோர் அதனை நிறுத்தி, சாணமும் கூட்டெருவும் இட்டு, வடிகாலைச் சீர்செய்து, மாரிமழை மண்ணைக் கழுவ வழிவிடுக. சவர்க்காரத்திற்கு உகந்த நீரெல்லாம் பயிருக்கும் உகந்ததன்று.