லீவு நியூஸ் உடனே வருது... மீட்டிங் நியூஸ்?

மழைக்காலத்தில் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் காலை ஷிஃப்ட்டுக்கு வருபவருக்கு முதல் வேலை என்ன தெரியுமா? அரசியல் இல்லை, சினிமா இல்லை. ‘இன்று எந்தெந்த மாவட்டங்களில் பள்ளிகளுக்கு விடுமுறை?’ என்ற ஒரு செய்தி. நாலு வரிதான் இருக்கும். அதைத்தான் அந்த நாளில் அதிகம் பேர் படிப்பார்கள். ராத்திரி கண் முழித்து எழுதிய கட்டுரை எல்லாம் அதன் காலடியில் கிடக்கும். கொஞ்சம் வருத்தம்தான், ஆனாலும் உண்மை.

போன வாரம் ஒரு நாள், மணி 6 கூட ஆகவில்லை. எங்கள் தெரு அக்கா ஒருவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ். “தம்பி, சென்னைக்கு லீவுன்னு போட்ருக்கீங்க. திருவள்ளூருக்கு ஒண்ணும் போடலையே. எனக்குப் பெரியவனுக்கு லீவா, சின்னவளுக்கு லீவா?”

அக்காவின் கேள்வியில் தப்பே இல்லை. வீடு திருமுல்லைவாயலில். பெரியவன் நாலாம் வகுப்பு, அம்பத்தூர் பக்கம் ஒரு பள்ளியில். பாட்டி வீட்டுப் பக்கம் என்று அங்கே சேர்த்தது. சின்னவள் ஒன்றாம் வகுப்பு, வீட்டுக்குப் பக்கத்திலேயே. இரண்டு பள்ளிக்கும் நடுவில் சி.டி.எச். ரோட்டில் சில கிலோமீட்டர்தான். ஆனால், இரண்டு மாவட்டம், இரண்டு கலெக்டர்.

மேற்குப் புறநகர்க்காரர்களுக்கு இந்தக் குழப்பம் புதிதில்லை. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆனால், மாவட்டக் கணக்கில் திருவள்ளூரிலேயே இருந்தது. 2018-ல் சென்னை மாவட்டத்தைப் பெரிதாக்கியபோதுதான் அம்பத்தூர் வட்டம் சென்னைக்கு வந்தது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆனாலும் இன்னமும் திருவள்ளூர் மாவட்டம்தான். திருமுல்லைவாயல் அந்த ஆவடி மாநகராட்சியில் வருகிறது. பூந்தமல்லி கதை இன்னும் சுவாரஸ்யம். பூந்தமல்லி திருவள்ளூர் மாவட்டம். பக்கத்து மாங்காடு காஞ்சிபுரம் மாவட்டம். இந்தப் பக்கம் போரூர் சென்னை. மழை மட்டும் மூன்றுக்கும் ஒன்றாகவே பெய்கிறது.

அதனால் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். லீவு என்பது உங்கள் வீடு எந்த மாவட்டம் என்பதைப் பொறுத்ததில்லை, பள்ளி எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வானிலை மையம் சொல்வது ஆரஞ்சு, ரெட் என்ற எச்சரிக்கை. லீவு விடுவது மாவட்ட ஆட்சியர். 2024 அக்டோபர் 15 போல, சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு நான்குக்கும் சேர்த்து அரசே முதல் நாளே அறிவித்துவிட்டால் பிரச்னை இல்லை. காலையில் தனித்தனியாக அறிவிக்கிற நாளில்தான் அக்கா மாதிரி ஆட்கள் ஒரு பிள்ளைக்கு யூனிஃபார்ம் மாட்டிவிட்டு, இன்னொரு பிள்ளையைத் தூங்கவிட வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, ஃபார்வேர்டு. போன வருஷ லீவு ஸ்க்ரீன்ஷாட் இந்த வருஷ மழைக்குத் திரும்ப வரும். தேதி இருக்கிற இடத்தை யாரோ அழகாக வெட்டியிருப்பார்கள். மாவட்டப் பெயர், தேதி, ‘பள்ளிகளுக்கு மட்டும்’ என்றிருக்கிறதா ‘பள்ளி, கல்லூரிகளுக்கு’ என்றிருக்கிறதா, இந்த மூன்றையும் பார்க்காமல் குடும்ப குரூப்பில் தட்டிவிடாதீர்கள். கலெக்டரின் சமூக வலைதளப் பக்கத்திலோ கிளாஸ் டீச்சர் குரூப்பிலோ ஒரு முறை பார்த்துவிட்டால் போதும்.

சரி, லீவு என்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். வீட்டுக்கு?

அக்கா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் லைனில் இருக்கிறார். மழை என்று கம்பெனிக்கு லீவு கிடையாது. பெரியவனைப் பாட்டி வீட்டில் விடலாம். சின்னவளை? அதைவிட முக்கியமாக, சாப்பாடு. அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒன்றிலிருந்து ஐந்து வரை படிக்கிற பிள்ளைக்குக் காலையில் பொங்கலோ உப்புமாவோ கிச்சடியோ உண்டு. மதியம் முட்டையோடு சத்துணவு உண்டு. லீவு விட்டால் இரண்டு வேளையும் வீட்டுக் கணக்கில் வந்து விழும். இரண்டு பிள்ளை என்றால் நாலு சாப்பாடு. ஒரு மழை வாரத்தில் மூன்று நாள் லீவு வந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இந்தக் காலை உணவுத் திட்டம் நம் பக்கத்து ஊர்களுக்குப் படிப்படியாக வந்தது. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25-ல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிவுபடுத்தியது 2024 ஜூலை 15-ல். அந்த விழா நடந்த கீழச்சேரி நம் திருவள்ளூர் மாவட்டம்தான். நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்ட் 26-லிருந்து. உங்கள் பிள்ளை எய்டட் ஸ்கூலில் ஐந்தாம் வகுப்புக்குள் படிக்கிறாள் என்றால், ‘அது கவர்ன்மென்ட் ஸ்கூல் பிள்ளைகளுக்குத்தானே’ என்று டிபன் பாக்ஸை அவசரமாக நிரப்ப வேண்டாம். பள்ளியில் கேட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் சொல்லி முடித்ததும் அக்காவிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன். ‘சின்னவள் ஸ்கூலுக்கு அடிக்கடி லீவு விடறாங்களே, மழை அவ்வளவா?’

“மழை எங்க தம்பி? மழை விட்டாலும் கேட்டு முன்னாடி முட்டிக்காலு தண்ணி நிக்குது. கால்வாய் அடைச்சுக் கிடக்கு. அது வடிய ரெண்டு நாளாகும். பிள்ளைங்கள எப்பிடி அனுப்பறது?”

‘மீட்டிங்ல சொன்னீங்களா?’

“எந்த மீட்டிங்?”

இதற்குத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன்.

கல்வி உரிமைச் சட்டம், 2009-ன் 21-வது பிரிவின்படி அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் ஒரு மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். எஸ்.எம்.சி. என்று டீச்சர்கள் சொல்வார்கள். உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்ப்பது, வருகிற பணம் எப்படிச் செலவாகிறது என்று கவனிப்பது, பள்ளிக்கு என்ன வேண்டும் என்று வளர்ச்சித் திட்டம் போடுவது, எல்லாம் இவர்கள் வேலை. நம்ம ஊரில் இந்தக் குழுவின் தலைவர் நாற்காலி ஹெச்.எம்-முக்குக் கிடையாது. அதில் உட்கார்வது ஒரு பெற்றோர். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

தமிழ்நாட்டில் இந்தக் குழுக்களுக்குப் புது உயிர் வந்தது 2022-ல். ‘நம் பள்ளி நம் பெருமை’ என்று பிரசாரம் நடந்தது. மார்ச் 20-ம் தேதி எல்லா அரசுப் பள்ளிகளிலும் பெற்றோர் கூட்டம். அன்று ஞாயிற்றுக்கிழமை. 2024 ஆகஸ்ட்டில் குழுக்களை மறுபடி மாற்றி அமைத்தார்கள். இப்போது 24 பேர், முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. அந்தக் கூட்டங்கள் சனிக்கிழமைகளில் நடந்தன.

கவனித்தீர்களா? ஆள் சேர்க்கிற கூட்டம் சனி, ஞாயிறு. ஆனால், மாதாமாதம் நடக்கிற கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மதியம் 3 மணியிலிருந்து 4.30 வரை. டீச்சர்கள் பக்கத்து நியாயம் எனக்குப் புரிகிறது. வேலை நாளில், வேலை நேரத்தில்தானே அவர்களும் கூட்டம் நடத்த முடியும்? ஆனால், அம்பத்தூர் எஸ்டேட்டில் வெள்ளி 3 மணிக்கு லைனை விட்டு எழுந்து வர எந்த அம்மாவால் முடியும்? டார்கெட் முடிக்கவில்லை என்றால் சூப்பர்வைசர் சும்மா விடுவாரா?

என் அம்மாவும் எஸ்டேட்தான். நான் ஐந்தாம் வகுப்பு முடிக்கிற வரை அம்மா என் பள்ளிக்கு வந்தது இரண்டே முறை. சேர்க்க ஒரு முறை, டி.சி. வாங்க ஒரு முறை. ‘பேரன்ட்ஸ் மீட்டிங்’ என்று டைரியில் எழுதிக்கொண்டு போவேன். அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார், வரமாட்டார். அரை நாள் சம்பளம் போகும் என்று அப்போது எனக்குத் தெரியாது. மற்றவர்கள் அம்மா எல்லாம் வந்திருக்கிறார்களே என்று இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். எங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகள் டாய்லெட்டுக்குத் தாழ்ப்பாள் இல்லாமல் பல மாதம் கிடந்தது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தாழ்ப்பாள் விலை எவ்வளவு இருந்திருக்கும்? கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் அந்த நேரத்தில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார்கள்.

கேட்டுக்கு முன்னால் நிற்கிற தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். இதை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ எடுத்துப் போட்டால் நாலு பேர் அழுகிற எமோஜி போடுவார்கள். மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சொன்னால் அது தீர்மானமாகும். கூட்டத் தீர்மானங்களை ஏற்றுவதற்கென்றே ‘டிஎன்எஸ்இடி பேரன்ட்ஸ்’ என்று ஒரு ஆப் இருக்கிறது. எந்தப் பள்ளி, எந்தத் தேதி, என்ன தேவை என்று பதிவாகிவிடும். அப்புறம் அதைக் காட்டி மாநகராட்சியிடமோ நகராட்சியிடமோ கேட்கலாம். உள்ளாட்சி உறுப்பினர் ஒருவரும் அந்தக் குழுவில் இருப்பார். கால்வாய் அவர் வார்டில்தானே ஓடுகிறது? உடனே ஜே.சி.பி. வந்துவிடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால், மழை வருவதற்கு முன்னால் மூன்று மாதம் தீர்மானத்தில் இருந்த விஷயத்தை ‘எங்களுக்குத் தெரியாதே’ என்று யாரும் சொல்ல முடியாது.

குழுவில் இல்லாத பெற்றோர் என்ன செய்வது? உங்கள் பள்ளிக் குழுவின் தலைவர் யார் என்று கிளாஸ் டீச்சரிடம் கேளுங்கள். பெரும்பாலும் நீங்கள் பிள்ளையைக் கூப்பிட கேட்டில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவராகத்தான் இருப்பார். விஷயத்தை அவர் கையில் கொடுத்தாலே போதும். பள்ளி சம்பந்தமான சந்தேகத்துக்குக் கல்வித்துறையின் 14417 என்ற எண் இருக்கிறது, அதற்கும் போன் செய்யலாம்.

இனி வரப்போவது என்ன என்று கேட்டு நிறைய பேர் எழுதியிருந்தீர்கள். நவம்பர் 14 குழந்தைகள் தினம், ‘நேரு வேஷத்துக்கு கோட் கிடைக்குமா’ என்று கடைசி நாளில் அலையாதீர்கள். மழைக்கு விட்ட லீவை ஈடுகட்ட சில சனிக்கிழமைகளில் பள்ளி இருக்கலாம், ஊருக்கு டிக்கெட் போடும் முன் டைரியைப் பாருங்கள். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. 2023 மிக்ஜாம் புயலில் அதுவே தள்ளிப்போனது, அதனால் தேதியைப் பேனாவால் எழுதாமல் பென்சிலால் எழுதி வையுங்கள். பொங்கலுக்குப் பிறகு பல பள்ளிகளில் ஆண்டு விழா. 2024, 2025 இரண்டு வருஷமும் மார்ச் 1-ம் தேதியே அரசுப் பள்ளிகளில் அடுத்த ஆண்டுக்கான சேர்க்கையைத் தொடங்கிவிட்டார்கள். வீட்டில் ஐந்து வயது ஆகப்போகிற குட்டி இருந்தால் பிறப்புச் சான்றிதழ், ஆதார் எல்லாம் இப்போதே ஒரு கவரில் போட்டு வைக்கலாம்.

அப்புறம் 2026. மேலாண்மைக் குழுவுக்குப் பதவிக்காலம் இரண்டு வருஷம். 2024 ஆகஸ்ட்டில் வந்த குழுவின் காலம் அந்த வருஷம் முடிகிறது. புதுக் குழு அமைக்கிற கூட்டத்துக்கு நோட்டீஸ் வரும். ஆண்டு விழா அழைப்பிதழ் மாதிரி கலர் கலராக இருக்காது. ஒரு வெள்ளைத் தாள், இல்லாவிட்டால் குரூப்பில் நாலு வரி. குட்மார்னிங் படங்களுக்கு நடுவில் அது மேலே போய்விடும். போனில் ‘பள்ளி’ என்று தேடிப் பாருங்கள்.

அக்கா தேடிப் பார்த்தார். சின்னவள் கிளாஸ் குரூப்பில் இருந்தது, பதினோரு நாளைக்கு முன்னால் வந்த மெசேஜ். அடுத்த கூட்டம் இந்த வெள்ளி, 3 மணி.

ஒரு மணி நேரம் பெர்மிஷன் கேட்டிருக்கிறார். சூப்பர்வைசர் வியாழக்கிழமை சொல்கிறேன் என்றிருக்கிறார். கிடைக்காவிட்டால் மாமியாரை அனுப்புவதாகப் பேச்சு. அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் ஒரு பேப்பரில் அக்கா எழுதிக் கொடுத்திருக்கிறார்: ‘கேட்டு முன்னாடி தண்ணி. கால்வாய் அடைப்பு. பாப்பா ஒண்ணாம் கிளாஸ்.’ நேற்று எனக்கு அதைப் போட்டோ எடுத்து அனுப்பி, “இவ்ளோ போதுமா தம்பி, இல்ல லெட்டர் மாதிரி எழுதணுமா?” என்று கேட்டிருந்தார்.

போதும் அக்கா. கீழே தேதியும் உங்கள் பெயரும் மட்டும் போட்டுவிடுங்கள்.