தேய்மானம் என்றொரு தீர்ப்பு

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் என் தாயாரை முழங்கால் வலிக்காக ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த மருத்துவர், "தேய்மானம்மா, வயசாச்சில்ல" என்றார். இரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. திரும்பும் பேருந்தில் அம்மா என்னைக் கேட்டார்: "தேஞ்சது வளராதுல்ல? அப்ப நடக்க நடக்க இன்னும்தானே தேயும்?" விலங்கியல் படிக்கும் மகனிடம் கேட்கப்பட்ட கேள்வி. எனக்கு விடை தெரியவில்லை. மறுநாள் முதல் அவர் நடப்பதைக் குறைத்துக்கொண்டார்.

அதன் பின்னர் நான் தேடிப் படித்தவற்றிலிருந்து எனக்குள் உறுதிப்பட்ட கருத்து இதுதான்: 'தேய்மானம்' என்ற சொல்லை நாம் கைவிட வேண்டும். அது பாதி உண்மை. பாதி உண்மை சில வேளைகளில் முழுப் பொய்யைவிடத் தீங்கானது.

முழங்கால் மூட்டை ஒரு மெல்லிய சவ்வு உள்ளிருந்து போர்த்தியிருக்கிறது. அது சுரக்கும் மூட்டு நீர் நலமான முழங்காலில் சில மில்லிலிட்டர்தான் இருக்கும். பதினாறாம் நூற்றாண்டு மருத்துவர் பாராசெல்சஸ் இதை முட்டையின் வெள்ளைக்கருவுக்கு ஒப்பிட்டார். 'சைனோவியா' என்ற பெயரும் அவர் இட்டதே. அதன் வழவழப்புக்குக் காரணமான ஹையலூரானிக் அமிலத்தை 1934-இல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் முதலில் பிரித்தெடுத்தது மாட்டின் கண்ணிலிருந்து என்பது ஒரு வேடிக்கை. எலும்பின் முனையை மூடியுள்ள குருத்தெலும்பில் இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. அதற்குப் பெரும்பாலும் சோறூட்டுவது இந்த நீரே. நடக்கும்போது குருத்தெலும்பு அமுங்கி விரிகிறது. அந்த அசைவில்தான் நீர் உள்ளே சென்று வருகிறது. அம்மாவின் கேள்விக்குப் பாதி விடை இங்கேயே கிடைத்துவிட்டது.

மறுபாதி கேம்பிரிட்ஜில் கிடைத்தது. 1977-இல் ஹானர் ஃபெல் அம்மையாரும் ஜப் என்பவரும் பன்றியின் மூட்டுச் சவ்வையும் குருத்தெலும்பையும் ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தனர். சவ்விலிருந்து கசிந்த ஏதோ ஒன்று குருத்தெலும்பைச் சிதைத்தது. சவ்வு அதைத் தொடக்கூட வேண்டியிருக்கவில்லை. குருத்தெலும்பின் உயிரணுக்களே அந்தச் செய்தியைக் கேட்டுத் தம்மைச் சுற்றியுள்ள பொருளைத் தாமே அரித்தன! 'காட்டபாலின்' என்று பெயரிடப்பட்ட அப்பொருள் இன்டர்லூக்கின்-1 வகையைச் சேர்ந்தது என்று பின்னர் தெரிய வந்தது. வண்டியின் டயர் தேயும். ஆனால் எந்த டயராவது தன்னைத்தானே தின்னுமா?

பழைய மருத்துவ நூல்கள் இந்நோயை 'அழற்சியற்ற' வகையில் சேர்த்தன. அந்த அளவுகோல் எளியது: நலமான மூட்டு நீரில் கன மில்லிமீட்டருக்கு 200-க்கும் குறைவான வெள்ளணுக்களே இருக்கும்; 2,000-க்குள் இருந்தால் அழற்சி இல்லை என்று எழுதினர். ஆனால் அணுக்களை எண்ணுவது வேறு, அவை பேசும் மொழியைக் கேட்பது வேறு. இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப்.-ஆல்ஃபா, கொல்லாஜெனை வெட்டும் நொதிகள் ஆகியவற்றை அந்த 'அமைதியான' நீரிலும் ஆய்வாளர் கண்டுள்ளனர். ஆங்கிலப் பெயரான ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸின் கடைசி அசையே அழற்சி என்றுதான் பொருள்படும். நாம்தான் தமிழில் அதைத் தேய்த்துவிட்டோம்.

ஆனால் இங்கே என் உற்சாகத்துக்கு நானே கடிவாளம் போட வேண்டியிருக்கிறது. இந்த இரசாயனங்களை அளந்து நோயின் கடுமையைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கடுமை என்றால் எது? 1957-இல் கெல்கிரனும் லாரன்சும் வகுத்த 0 முதல் 4 வரையிலான படிநிலையைத்தான் இன்றும் பெரும்பாலோர் கையாள்கின்றனர். அது எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொல்வது. எக்ஸ்ரேயிலோ எலும்பு தெரியும். குருத்தெலும்பு தெரியாது, வலி அறவே தெரியாது. எங்கள் தெருவில் ஒரு பாட்டிக்கு நான்காம் நிலை என்றார்கள்; அவர் சந்தைக்கு நடந்து போய் வருகிறார். என் தாயாருக்கு இரண்டாம் நிலைதான், படியேற முடியவில்லை. மேலும், நீரை எடுப்பது யாரிடமிருந்து? வீங்கிய முழங்காலிலிருந்துதான் எளிதில் எடுக்க முடியும். நலமான முழங்காலில் எடுப்பதற்கே நீர் போதாது. அப்படியானால் எதை எதோடு ஒப்பிடுவது? இதை எண்ணாமல் எண்களை மட்டும் அடுக்குவது அறிவியல் ஆகாது.

இன்னொரு பாடமும் உண்டு. இன்டர்லூக்கின்-1ஐத் தடுக்கும் லூட்டிகிசுமாப் என்ற மருந்தை, முழங்காலில் அழற்சி உள்ளவர்களையே தேர்ந்தெடுத்துக் கொடுத்துப் பார்த்தனர். 2019-இல் வெளியான முடிவில் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. கைவிரல் மூட்டு நோயில் டி.என்.எஃப். தடுப்பு மருந்தும் அவ்வாறே ஏமாற்றியது. 2017-இல் அமெரிக்காவில் 140 பேரை இரண்டு ஆண்டுகள் கவனித்தனர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழங்காலில் ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களுக்கு, உப்புநீர் ஊசி போட்டவர்களைவிடக் குருத்தெலும்பு கூடுதலாகக் குறைந்திருந்தது. வலியில் வேறுபாடு இல்லை. மலையில் புகை கண்டால் அங்கே நெருப்புண்டு என்பது சரியான அனுமானந்தான். அதற்காகப் புகையை விசிறியால் விரட்டினால் நெருப்பு அணைந்துவிடுமா?

"மருந்தும் இல்லை, அளவையும் உறுதியில்லை என்கிறாய், பிறகு சொல்லை மட்டும் மாற்றினால் வலி தீருமா?" என்று விடுதியில் நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. சொல் செயலை மாற்றுகிறது என்பதே என் விடை. தேய்மானம் என்று கேட்டவர் உட்கார்ந்துவிடுகிறார். உட்கார்ந்தால் தொடைத் தசை மெலிகிறது, உடல் கனக்கிறது, வலி கூடுகிறது. உடல் எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேலுள்ள சுமை நான்கு கிலோ குறையும் என்று 2005-இல் அளந்தே காட்டியுள்ளனர். தொடைத் தசைப் பயிற்சி வலியைக் குறைக்கும் என்பதும் ஐயமற நிறுவப்பட்டது. எந்த மருந்துக் கம்பெனிக்கும் இதில் இலாபம் இல்லை. அதனால்தானோ என்னவோ, இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதுவதில்லை.

நெடிய வரிசையில் நிற்கும் கூட்டத்தைப் பார்க்கும் மருத்துவரை மட்டும் குறை சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஆனால் ஒரு குறை உண்டு. 2001-இல் வெளியான ஆய்வில், சீனத்தின் பெய்ஜிங் மாதர்களுக்கு அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் மாதர்களைவிட முழங்கால் நோய் மிகுதி என்று கண்டனர்; நெடுநேரம் குந்தி உட்காரும் பழக்கம் அதில் பங்கு வகிப்பதாகவும் பின்னர் கண்டனர். நம் வயல்களில் குந்தியபடியே களையெடுத்த பெண்களின் முழங்கால்களையும், அவற்றின் நீரையும் அவ்வளவு அக்கறையோடு அளக்க வேண்டாமா? நம் வகுப்பிலிருந்து மேற்படிப்புக்குப் போகிறவர்களில் ஒருவராவது இதை எடுத்துக்கொள்ளலாம். நான் போக முடிந்தால் நானே எடுத்துக்கொள்வேன்.

அம்மாவிடம் இவற்றையெல்லாம் ஒரு மாலையில் சொன்னேன். இன்டர்லூக்கின் அவருக்கு இனிக்கவில்லை. வெள்ளைக்கரு விஷயத்தைச் சொன்னதும், "முட்டிக்குள்ள முட்டையாடா?" என்று சிரித்தார். இப்போது காலையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இருபது முறை காலை நீட்டி மடக்குகிறார். வலி முழுதும் போகவில்லை. ரேஷன் கடைக்கு மட்டும் நடந்தே போய் வருகிறார்.