வைக்கோல் கணக்கும் அத்தை பங்கும்

1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்த கதையை அப்பா பெருமையாகச் சொல்வார். அத்தை பங்கு கேட்டால் மட்டும் பேச்சு வைக்கோலுக்குப் போய்விடும்.

"அறுப்பு மெஷின் வாடகை, கட்டு கட்டுற மெஷினுக்குக் கட்டுக்கு இவ்வளவு, வண்டிக்கூலி. வித்தா கைக்காசுதான் போகுது. இதுல உனக்கு என்னம்மா பங்கு?"

நஷ்டம்தானே, அதிலும் பாதியைக் கொடுங்களேன்! மனைத் தரகர் வந்தால் அதே நிலம் தங்கமாகிவிடுகிறதே?

மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் போட்டது. அதற்குமுன் கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. 2005 மத்தியத் திருத்தம் அந்தப் பாகுபாட்டையும் எடுத்தது. நம் வீடுகள்தான் இன்னும் வைக்கோல் விலை பேசுகின்றன.

சின்ன வயதில் அத்தை தலையில் சுமந்த கட்டுகளுக்குக் கூலி எந்தச் செலவுக் கணக்கில் இருக்கிறது?

நாளைக்குப் பட்டா என் பேருக்கு மாறும். அத்தை பங்கு போக மிச்சம் இருந்தால் போதும் எனக்கு. எல்லைக்குப் போராடின ஊர், ஒரு வரப்புக்கா பயப்படுவது?